பாதையில் பொருள்

சுத்தியலால் தண்டவாளத்தின் விலாவில் ஒரு தட்டு. நல்ல இடமென்றால் 'ணங்' என்று நீண்டு, இருட்டுக்குள் ஓடிப்போய் அடங்கும். அடியில் பிடித்திருக்கும் கொக்கி தளர்ந்திருந்தால் 'டொக்' என்று அங்கேயே செத்துப்போகும்.

விடியற்காலை நாலரை மணிக்கு, நகரம் போர்வைக்குள் ஒருமுறை புரண்டு படுக்கிற நேரத்தில், அதற்கு அறுபதடி கீழே அவள் குனிந்து தட்டிக்கொண்டே போவாள். பத்தடிக்கு ஒரு தட்டு. டொக் என்ற இடத்தில் முட்டி போட்டு, கம்பியை நுழைத்து நெம்பி, நாலு அடி அடித்துக் கொக்கியை உட்காரவைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கும்போதெல்லாம் முட்டி 'ஐயோ' என்னும். கிரீசும் சிமென்ட் தூசியும் வியர்வையில் குழைந்து கழுத்து மடிப்பில் சேறாக இறங்கும். சுரங்கத்துக் காற்று யாரோ மூச்சு விட்டு வைத்த காற்று மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். ஐந்தரைக்குள் போகும் பாதையில் போய் வரும் பாதையில் திரும்பி வந்து, பிளாட்பாரத்தின் கடைசியில் இருக்கும் சின்னக் கம்பிக் கதவு வழியாக வெளியேறிவிட வேண்டும். ஐந்தரைக்கு வெறும் ரயில் ஒன்று சோதனைக்காக ஓடும். ஆறு மணிக்குச் சனம் ஏறும்.

அந்த ரயிலுக்கு டிரைவர் கிடையாது. கம்ப்யூட்டர்தான் ஓட்டியது. முன்பக்கம் டிரைவர் உட்காரும் இடத்தில் பெரிய கண்ணாடி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அங்கே முகத்தை ஒட்டிக்கொண்டு தாங்களே ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளும்.

அவளை எல்லோரும் சுத்தியலக்கா என்பார்கள். வயது நாற்பத்தேழு. இந்தச் சுரங்கத்தைத் தோண்டிய காலத்திலிருந்தே அவள் இங்கே இருக்கிறாள். அப்போது அவள் புருஷன் முன்னால் நின்று பாறை துளைத்தான். அவள் பின்னால் நின்று சேறு அள்ளினாள். சுரங்கம் முடிந்தபோது நகரத்துக்கு ரயில் கிடைத்தது, அவளுக்கு இந்த வேலை கிடைத்தது, அவனுக்கு நெஞ்சு நிறையத் தூசி கிடைத்தது. இப்போது அவன் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சைக் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆறு வருஷமாக அவளோடு ஜோடியாக நடந்தவன் நெட்டை. பெயருக்கேற்ற உயரம். சுவரோரக் குழாய்களில் நாளுக்கு ஒருமுறையாவது ஹெல்மெட்டை இடித்துக்கொள்வான். அவள் தட்டுவாள்; அவன் டார்ச் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு வருவான். பாதி தூரத்தில் சுத்தியலும் டார்ச்சும் கை மாறும். அவன் வாய் மட்டும் சும்மாயிருக்காது.

"டிரைவர் இல்லாத ரயிலுன்னு ஊரெல்லாம் போர்டு வச்சிருக்கான்க்கா. நாம இல்லாத ரயிலுன்னு ஒரு நாள் வச்சுப் பார்க்கச் சொல்லு. அடுத்த ஸ்டேஷனுக்குள்ள குப்புறக் கிடக்கும்."

"பேசாம வெளிச்சத்தைக் காட்டுடா."

"காட்டிட்டுத்தான இருக்கேன். நம்ம மூஞ்சிக்கு வேற யாரு வெளிச்சம் காட்டப்போறா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டுவாள். கூடப்பிறந்த தம்பி ஒருவன் அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் வாயாடியாக இருந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். வந்த வாரமே பாதை தட்டும் பதினாறு பேரையும் மூன்றாவது ஸ்டேஷனில் இருக்கும் ஆட்கள் அறையில் நிற்கவைத்தார். மரியாதையான மனுஷர்தான், யாரையும் வா போ என்று பேச மாட்டார்.

"ஒரு பாதைக்கு ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தர் தட்டுறார். இன்னொருத்தர் என்ன பண்றார்?"

"தட்டுறவரைப் பார்த்துக்கிறார் சார்," என்றார் மேஸ்திரி.

"அதை இனிமே கம்ப்யூட்டர் பார்த்துக்கும்."

பெட்டியைத் திறந்து, டேக் என்று சொல்லிக் கறுப்புப் பட்டைகளை எடுத்துக் காட்டினார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். அதில் பச்சை விளக்கு எரியும். யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பது மேலே கன்ட்ரோல் ரூம் திரையில் புள்ளியாகத் தெரியும். எல்லாப் புள்ளியும் வெளியே வந்தால்தான் சுரங்கத்துக்குக் கரண்ட் வரும், ரயில் கிளம்பும். முன்பெல்லாம் மேஸ்திரி ஒவ்வொருவரையும் கண்ணால் பார்த்து எண்ணி, மேலே போன் செய்து "எல்லாரும் வந்தாச்சு" என்று சொன்ன பிறகுதான் ரயில் கிளம்பும். இனி போன் வேண்டாம். எட்டுப் பேர் போதும்.

மீதி எட்டுப் பேர் அன்றைக்கே வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் தலை தப்பியது என்று பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சைப் பின்னால் நினைத்துப் பார்க்கும்போது சுத்தியலக்காவுக்கு உடம்பு கூசும். அன்றைக்கு ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவளும்தான்.

நெட்டை அந்தப் பட்டைக்கு வளையல் என்று பெயர் வைத்தான். "எம் பொண்டாட்டிக்கு நான் வாங்கித் தராததைக் கம்பெனிக்காரன் எனக்கு வாங்கித் தந்துட்டான்." அதற்குப் பிறகு எல்லோருக்கும் அது வளையல்தான்.

இரண்டே மாதத்தில் வளையல்கள் மக்கர் செய்யத் தொடங்கின. சுரங்கத்து ஈரம் ஒத்துக்கொள்ளவில்லையோ, பேட்டரி மட்டமோ, பச்சை விளக்கு மஞ்சளாகும், மஞ்சள் விட்டுவிட்டு எரியும், பிறகு அணையும். தட்டினால் மறுபடி எரியும். மேஸ்திரி மூன்று தடவை மேலே எழுதினார். வருகிறது, வருகிறது என்றார்கள்.

அன்றைக்குக் காலை ஆட்கள் அறையில் நெட்டை வளையலைக் கட்டிக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினான். மஞ்சள் விளக்கு பட்பட்டென்று எரிந்து அணைந்தது.

"மேஸ்திரி, இது கண்ணடிக்குது. யாரைப் பார்த்துன்னுதான் தெரியல."

"இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுக்கப்பா. நாளைக்குப் புதுசு வந்துரும்."

சுத்தியலக்காவும் பார்த்தாள். "சீக்கிரம் முடிச்சிட்டு வெளிய வந்துரு. இன்னைக்குத்தான பாப்பாவை ஸ்கூல்ல சேர்க்கணும்னு சொன்னே?"

"ஆமாக்கா. சட்டையெல்லாம் தேய்ச்சு மாட்டிட்டு வந்திருக்கேன். டீச்சரம்மா என்னையும் சேர்த்துக்கிட்டாலும் சேர்த்துக்குவாங்க."

கிழக்கே நாலாவது ஸ்டேஷன் வரை அவன் பாதை. மேற்கே இரண்டாவது ஸ்டேஷன் வரை அவள் பாதை. கம்பிக் கதவருகே பிரிந்தார்கள். அவனுடைய சுத்தியல் சத்தம் கொஞ்ச தூரம் வரை அவளுக்குக் கேட்டது.

ஐந்து இருபத்தைந்துக்கு அவள் திரும்பி வந்தபோது அவளோடு சேர்த்து ஏழு பேர் இருந்தார்கள். நெட்டை இல்லை.

"எங்கே அவன்?"

மேஸ்திரி மேலே போன் போட்டார். அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல் அவளுக்கும் கேட்டது. "சுரங்கத்துல யாரும் இல்லையே. திரையில எல்லாம் காலியாத்தான் காட்டுது. நாலாவது ஸ்டேஷன்ல ஏறியிருப்பார், பாருங்க."

"அவன் எதுக்கு அங்க ஏறுறான்? அவன் துணிப்பை இங்கதான் இருக்கு!" அவள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, நிறுத்துங்க. ஆள் உள்ள இருக்கான். ரயிலை நிறுத்துங்க!"

"சிஸ்டம் காலின்னு காட்டுதும்மா…"

அதற்குள் பிளாட்பாரத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் வந்துவிட்டது. விளக்கெல்லாம் எரிய, ஒரு ஆள் இல்லாமல், வரிசை வரிசையாகக் காலி இருக்கைகளைச் சுமந்துகொண்டு ரயில் அவள் முன்னால் போனது. அவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த, ரயிலை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். உள்ளங்கையால் குத்தினாள், முஷ்டியால் குத்தினாள். ரயிலின் கடைசிப் பெட்டி கிழக்கே இருட்டுக்குள் நுழைந்துவிட்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் எங்கோ தூரத்தில் இரும்பு தேய்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஆட்கள் அறையின் சுவரில் இருந்த சின்னத் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: 'பாதையில் பொருள்.'

கரண்டை நிறுத்திவிட்டு உள்ளே போனவர்களில் அவளும் ஒருத்தி. வேண்டாம் என்று மேஸ்திரி தோளைப் பிடித்தார்; உதறிவிட்டுப் போனாள். அங்கே பார்த்ததை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னாள். அவன் கை முழுசாக இருந்தது. மணிக்கட்டில் வளையல் இருந்தது. விளக்கு எரியவில்லை.

ஏழரை மணிக்கு ரயில் வழக்கம்போல ஓடத் தொடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"கடைசியா அவரைப் பார்த்தது நீங்கதான். டேக் போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தான் சார். எரியல."

"எரியலைன்னா எப்படிம்மா? அது கழட்டினாத்தான் அணையும். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லாது சார். அதுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

மேனேஜர் பேனாவை உருட்டினார். "நான் நேராவே சொல்றேன். சிஸ்டத்துல கோளாறுன்னு எழுதினா லைனையே மூடச் சொல்வாங்க. விசாரணை, கோர்ட்டு, வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் அவர் சம்சாரத்துக்கு ஒரு துரும்பும் நகராது. அவர் கழட்டி வச்சுட்டார்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, இன்னைக்கே முடிஞ்சிரும். இரக்கத்தின் பேர்ல அவங்களுக்கு நம்ம கம்பெனியிலேயே வேலை. நானே ஆர்டர் போடுறேன்."

"செத்தவன் மேல பழி போடச் சொல்றீங்க."

"உயிரோட இருக்கிறவங்களுக்குச் சோறு போடச் சொல்றேன்."

அவள் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள். படிக்கட்டில் தலை நிமிர்ந்துதான் வந்தாள்.

மறுநாள் மத்தியானம் நெட்டையின் மனைவி வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் நாலு வயசுப் பெண். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. குழந்தை சுத்தியலக்காவின் புருஷனையே பார்த்தது. அவன் மூச்சு விடும்போது விசில் மாதிரி வந்த சத்தம் அதற்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். தானும் ஊதிப் பார்த்தது.

"அக்கா, கம்பெனிக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க. எல்லாம் சொன்னாங்க."

"நான் போட மாட்டேன் தங்கச்சி. நீ பயப்படாதே. உன் புருஷன் பேர்ல ஒரு சொல் விழ விடமாட்டேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போடுங்கக்கா."

சுத்தியலக்காவுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை.

"போடுங்க. அவருக்கு இனிமே வலிக்காது. வீட்டு ஓனர் இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டார். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு வாடகை யாரு கட்டுவாங்கன்னு அவருக்குப் பயம். நான் துணி வெளுக்கிற கடையில இஸ்திரி போட்டுத் தர்றேன். அதுல இவளுக்குப் பால் வாங்கலாம், நான் தண்ணி குடிச்சுக்கலாம். எனக்கு அந்த வேலை வேணும்க்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

நிஜமாகவே காலைத் தொட வந்தாள். சுத்தியலக்கா துள்ளி விலகினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். குழந்தை பயந்து ஊதுவதை நிறுத்தியது.

அவர்கள் போன பிறகு புருஷன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "போட்டா உனக்குத் தூக்கம் வராது. போடலைன்னா அவ வீட்டுல அடுப்பு எரியாது. நான் என்னத்தைச் சொல்ல?"

அடுத்த நாள் போய்ப் போட்டாள். 'டேக்கைக் கழற்றித் தன் பையில் வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்' என்று தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். பேனா ஒழுங்காக எழுதவில்லை. மேனேஜர் வேறு பேனா கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் ஆட்கள் அறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊழியரின் கவனக்குறைவால் ஒரு துயரச் சம்பவம் நேர்ந்தது என்றும், டேக்கைக் கழற்றுபவர்கள் வேலை நீக்கம் செய்யப்படுவார்கள் என்றும், தனியாள் முறை நிரந்தரமாக்கப்படுகிறது என்றும் அதில் இருந்தது. அந்த அறையில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடிக்காரர், வயதில் மூத்தவர், அவளுக்கு எப்போதும்போல டீயை ஊற்றி நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெந்நீரை விழுங்குவது மாதிரி அந்த டீயைக் குடித்தாள். சுத்தியலைத் தட்டும்போது எல்லா இடமும் அவளுக்கு டொக்கென்றே கேட்டது. நன்றாக இருந்த கொக்கிகளையும் முட்டி போட்டு இறுக்கினாள்.

ஒரு மாதம் போனது.

ஒரு விடியற்காலை ஆட்கள் அறைக்குள் அவள் நுழைந்தபோது, பெஞ்சின் ஓரத்தில் புது நீலச் சட்டை போட்ட ஒரு பெண் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். சட்டைக் கை நீளம்; இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தாள். பூட்ஸ் பெரிது, முன்னால் காகிதம் திணித்திருந்தாள். நிமிர்ந்தவள் நெட்டையின் மனைவி.

"தங்கச்சி! நீ எங்க இங்க?"

"வேலைக்கா. நேத்துத்தான் ஆர்டர் வந்துச்சு." அவள் லேசாகச் சிரிக்கப் பார்த்தாள். "பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். எட்டு மணிக்குள்ள போகணும்."

"ஆபீஸ்ல குடுப்பாங்கன்னு நினைச்சேன். இல்லேன்னா டிக்கெட் கவுன்டர்ல…"

"காலி இருக்கிறது இதுதானாம்."

மேஸ்திரி யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியிலிருந்து வளையல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நீ கிழக்கால போம்மா. மூணுலேர்ந்து நாலு வரைக்கும். மெதுவா நட. முதல் நாள்தானே."

அந்தப் பெண்ணுக்கு அது எந்தப் பாதை என்று தெரியுமா, தெரியாதா என்று யாருக்கும் புரியவில்லை. அவள் வளையலை வாங்கி மணிக்கட்டில் கட்டினாள். மெலிந்த கை, கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளவென்று இருந்தது. பச்சை எரிந்தது. ஒரு நிமிஷம் எரிந்தது. பிறகு மஞ்சள். பட்பட்.

"அண்ணே, இது விட்டுவிட்டு எரியுதே…"

"இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுக்கம்மா. நாளைக்குப் புது…" மேஸ்திரியின் வாய் பாதியில் நின்றது. தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே கேட்டுவிட்டது. பெட்டியின் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

சுத்தியலக்கா போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அந்தப் பெண் முகம் சுளித்தாள்.

"நீ இறங்கக் கூடாது."

"அக்கா, முதல் நாளே…"

"இறங்கக் கூடாதுன்னா இறங்கக் கூடாது! இப்படித்தாண்டி அவனும் போனான். இதே மாதிரி எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சது. என்கிட்ட காட்டினான். நான் சீக்கிரம் வந்துருன்னு சொல்லி அனுப்பி வச்சேன். அவன் கழட்டலடி. செத்த பிறகும் அது அவன் கையிலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு, கழட்டினான்னு எழுதிக் குடுத்தேன்."

அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"தெரியும்க்கா," என்றாள் மெதுவாக. "அவர் கழட்டுற ஆள் இல்ல. வீட்டுக்கு வந்தாக்கூடத் தழும்பைக் காட்டுவார், பாரு வளையல் தழும்புன்னு. தெரிஞ்சுதான் உங்களைப் போடச் சொன்னேன். பாவத்துல பாதி எனக்கு."

சுத்தியலக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக உள்ளே கட்டிக்கிடந்தது உடைந்துகொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்குள்ளிருந்து மிருகம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். ஆறுதல் சொல்ல வேண்டியவளை ஆறுதலுக்கு உரியவள் தடவிக்கொண்டிருந்தாள். ஆம்பிளைகள் சுவரைப் பார்த்தார்கள்.

முதலில் கண்ணாடிக்காரர்தான் அசைந்தார். தன் மணிக்கட்டிலிருந்து வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என்னோடது மூணு நாளா மஞ்சள். சொன்னா வேலை போயிரும்னு சொல்லல." இன்னொருவர் வைத்தார். அவருடையது அணைந்தேவிட்டிருந்தது, தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. எட்டில் ஐந்து மஞ்சள் அல்லது இருட்டு.

"அப்போ எட்டுப் பேரு வெளிய போனாங்களே," என்றார் கண்ணாடிக்காரர். "அன்னைக்கு நாம நம்ம தலை தப்பிச்சுதுன்னு நினைச்சோம். தப்பிக்கல. கியூவுல நின்னுருக்கோம், அவ்வளவுதான். நெட்டை முன்னால நின்னான்."

மேஸ்திரியின் போன் அடித்தது. கன்ட்ரோல் ரூம். ஆட்கள் ஏன் இன்னும் இறங்கவில்லை என்று கேட்டார்கள். பாதையை நடந்து பார்த்தாயிற்று என்று ஆகாமல் ரயிலை விடக் கூடாது என்பது கம்பெனியின் சொந்தச் சட்டம். மேஸ்திரிக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அவர் போனைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் தொளதொளத்த வளையலைப் பார்த்தார். பிறகு போனைச் சுத்தியலக்காவிடம் நீட்டினார்.

"இறங்கல," என்றாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "யாரும் இறங்கல. மேனேஜரை வரச் சொல்லுங்க."

எல்லோரும் பிளாட்பாரத்துக்கு வந்து, கம்பிக் கதவுக்கு முன்னால் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரர் மற்ற ஸ்டேஷன்களில் தெரிந்தவர்களுக்கும், வேலை போனவர்களுக்கும் போனில் சேதி சொன்னார். இந்த ஸ்டேஷனைக் கட்டும்போது அந்தத் தரைக் கல்லைச் சுமந்தவளே சுத்தியலக்காதான். அதன் மேல் உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. ஜில்லென்றிருந்தது.

மேனேஜர் ஐந்து ஐம்பதுக்கு வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். மேலே படிக்கட்டில் பூட்டிய கதவுக்கு வெளியே சனம் சேர்கிற இரைச்சல் கேட்டது.

"என்ன இது? பத்து நிமிஷத்துல ஆறு மணி. ஊரே மேல நிக்குது."

"ரெண்டு ரெண்டு பேரா நடக்கணும் சார்," என்றார் மேஸ்திரி. "வெளிய போன எட்டுப் பேரும் திரும்பி வரணும். ஒவ்வொரு ஆளையும் கண்ணால பார்த்து நான் போன்ல சொல்லாம ரயில் நகரக் கூடாது."

"அவன் கழட்டலைன்னு நோட்டீஸை மாத்தி எழுதணும்," என்றாள் சுத்தியலக்கா.

"நீங்க எழுதிக் குடுத்த பேப்பர் என்கிட்ட இருக்கும்மா. ஞாபகம் இருக்கா? பொய் வாக்குமூலம்னா ஜெயில்."

"இருக்கு சார். பொய் எழுதினது நான். எழுத வச்சது நீங்க. வாங்க, ரெண்டு பேரும் ஒண்ணாவே போய்ச் சொல்லுவோம்."

மேனேஜரின் முகம் கறுத்தது. அவர் திரும்பி, வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தார். குரலை இறக்கினார். "உனக்கு வேலை குடுத்ததே நாங்கம்மா. முதல் நாளே இப்படியா? யோசிச்சுப் பாரு. குழந்தை இருக்கு."

அவளுக்குப் பெரிய இடத்து ஆட்களோடு பேசிப் பழக்கமில்லை. வார்த்தை வருவதற்குள் இரண்டு தடவை எச்சில் விழுங்கினாள்.

"குடுத்தீங்க சார். எம் புருஷன் விழுந்த இடத்துல, அவர் கட்டினது மாதிரியே ஒண்ணைக் கட்டிவிட்டுக் குடுத்தீங்க. குழந்தை இருக்கிறதாலதான் உக்காந்திருக்கேன். அதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு தூண் பக்கம் ஒதுங்கினார். வேறு ஆட்கள், போலீஸ், காலையிலேயே, என்று துண்டு துண்டாக அவர் பேச்சு கேட்டது. மணி ஆறானது. ஒலிபெருக்கியில் ஒரு இனிமையான பெண் குரல், சேவையில் சிறு தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றது.

"போலீஸ் வந்தா என்னக்கா பண்ணுவாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தெரியலடி."

"வேலை போயிருமா?"

"போகலாம்."

"எட்டு மணிக்குள்ள பாப்பாகிட்ட போயிருவேனா?"

சுத்தியலக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் அந்தக் கை நெடுக இருந்தன. நெட்டை இல்லை. இனி எத்தனை பேர் ஜோடியாக நடந்தாலும் அவன் டார்ச் பிடித்துக்கொண்டு வரப்போவதில்லை. இந்த நியாயத்தை ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால், நாலு மாதம் முன்னால் அந்த அறையில் நின்றுகொண்டு கேட்டிருந்தால் என்று நெஞ்சு அறுத்தது. சாகும்வரை அறுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, ஒன்றும் கேட்காமல் வரிசைக் கடைசியில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரியின் போன் மறுபடி அடித்தது. அவர் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏழாவது ஸ்டேஷன் மேஸ்திரி. அவன் ஆளுங்களும் இறங்கலையாம். அவங்க வளையலும் இதே லட்சணம்தானாம்."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எல்லோர் தலையும் திரும்பியது. போலீஸ் என்றுதான் நினைத்தார்கள். நீலச் சட்டைகள். ஐந்தாவது ஸ்டேஷன் ஆட்கள், தெரு வழியாகவே நடந்து, பூட்டிய கதவைத் திறக்கச் செய்து இறங்கி வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சாதாரணச் சட்டையில், சீவாத தலையோடு, அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்ட எட்டுப் பேரில் மூன்று பேர். இவர்களைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி நின்றார்கள். அன்றைக்கு யாரும் தங்களுக்காகப் பேசவில்லை என்பது அவர்களுக்கும் மறந்திருக்காது. மறக்காவிட்டாலும் வந்திருந்தார்கள்.

சுத்தியலக்கா அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

நெட்டையின் மனைவிக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. யார் எவர் என்று அவள் கேட்கவுமில்லை. பெரிய பூட்சைத் தரையில் இழுத்துக்கொண்டு சுத்தியலக்காவின் பக்கமாக நெருங்கி உட்கார்ந்து, தனக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.

"கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே," என்றாள் வரிசையைப் பார்த்து. "இன்னும் ஆள் வர்றாங்க."